ஏறாத ஊசி

என் கல்யாணத்துக்கு அப்பா காணி தரவில்லை, கார் தந்தார். மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஆனால் ஓட்டியது வேறொருவருடைய கார். "காணியைக் குடுத்தா மண்வெட்டியை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டு கேப்பார். காரைக் குடுத்தா உழைப்பார்" என்று அப்பா சொன்னார். கிணற்றோடு இருந்த தோட்டக் காணியை விற்று, சாம்பல் நிறத்தில் ஒரு பழைய சப்பான் காரை என் பெயரில் வாங்கினார். சீதனம் என்றால் எங்கள் பக்கத்தில் அது பெண்ணுடைய சொத்து. கணவன் ஓட்டலாம், உழைக்கலாம். அவள் கையெழுத்து வைக்காமல் விற்க முடியாது. அவளுக்குப் பிறகு அது அவளுடைய மகளுக்குப் போகும்.

சொத்து என்னுடையதாக இருந்தாலும் நான் அந்தக் காரின் முன் சீற்றில் ஒருநாளும் இருந்ததில்லை. பின் சீற்றில், இடது கரையோடு, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருப்பேன். றோட்டில் தெரிந்தவர்கள் கண்டால் குனிந்துவிடுவேன். "உன்ரை கார்தானே, நிமிந்து இரன்" என்று கணவர் சிரிப்பார். எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் குரல் எங்கேயோ போய் ஒளித்துக்கொள்ளும்.

அவர் நெஞ்சு வலியில் போனபோது மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். கார் மிஞ்சியது, ஓட்ட ஆள் இல்லை. அப்போது தம்பிதான் வந்து நின்றான். என்னை விட நிறைய இளையவன். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தது நான். அவன் கார் ஓட்டப் பழகியதும் அந்தக் காரில்தான், என் கணவருக்குப் பக்கத்தில் இருந்து. "அக்கா, நீ அழாதை. காரும் நிக்காது, அடுப்பும் நிக்காது" என்றான். சொன்னபடியே சில வருடம் நடந்தான். காலையில் கார் போகும், பின்னேரம் வரும். அரிசியும் மீனும் வரும், மகளுக்கு ஒரு கடதாசிச் சரையில் இனிப்பும் வரும். அவனுக்கென்று முன் அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தேன். கணவர் போட்ட சேட்டுகளையும் அவனுக்கே கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் தொங்கிய மழைக்கோட்டை மட்டும் கொடுக்கவில்லை. வெளியில் கறுப்பு றப்பர், உள்ளே மஞ்சளும் மண்ணிறமும் கலந்த கட்டம் போட்ட துணி. மழை நாளில் கணவர் அதைப் போட்டுக்கொண்டு வருகிற சத்தம் எனக்குக் கேற்றிலேயே கேட்கும்.

பிறகு சண்டை, தடை என்று பெற்றோல் வராத காலம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. அந்த ஓட்டத்தைக் காணாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் எரியாது. சின்னப் போத்தலில் இருந்து பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு முதலில் என்ஜினை எழுப்ப வேண்டும். அது நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அவசரப்பட்டு மாற்றினால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நிற்கும். எரியாத எண்ணெய் உள்ளே இறங்கி, ஓயிலோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக என்ஜினைத் தின்றுவிடும். ஆகவே டிரைவர்மாருடைய கண் முழுவதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற ஹீற் மீற்றரில்தான். அதில் ஒரு கரையில் 'சீ' என்ற எழுத்து, குளிர். மற்றக் கரையில் 'எச்', சூடு. ஊசி நடுவுக்கு வந்தால் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள்கூட, மாப்பிள்ளையின் சாதகத்தைக் கேட்கிறமாதிரி, "ஊசி ஏறுதோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எங்கள் ஊசி ஒருநாள் ஏறவில்லை.

தம்பிதான் வந்து கூப்பிட்டான். கொட்டிலுக்குள் கார் உறுமிக்கொண்டு நின்றது.

"அக்கா, இஞ்சை வந்து பார். எவ்வளவு நேரமா ஓடவிட்டிருக்கிறன். ஊசி படுத்த படுக்கை."

யன்னலால் தலையை விட்டுப் பார்த்தேன். ஊசி 'சீ'யில் கிடந்தது. அவன் மீற்றரின் கண்ணாடியில் விரலால் தட்டினான். ஊசி அசையவில்லை.

"இப்ப என்ன செய்யிறது தம்பி?"

"நாலைஞ்சு நாளாப் பாக்கிறன். உனக்குச் சொன்னாக் கவலைப்படுவாய் எண்டு சொல்லேல்லை. சூடேறுதில்லை எண்டா உள்ளுக்கு எல்லாம் தேய்ஞ்சு போச்செண்டு அர்த்தம். செத்த உடம்பு மாதிரி."

"அவர் இருக்கேக்கை நல்லா ஓடின கார்."

"அத்தானும்தான் நல்லா இருந்தவர்" என்றான். சொன்னபிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் துக்கப்படுகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. கார் ஓடி வந்து நின்று, சூடு கொஞ்சம் அடங்கியதும் அதன் பொனற்றில் ஏறிப் படுப்பது அதற்குப் பழக்கம். அன்று தம்பி என்ஜினை நிற்பாட்டிய உடனே பாய்ந்து ஏறியது. ஏறிய வேகத்திலேயே குதித்தது. கொட்டில் மூலையில் இருந்து பாதத்தை நக்கியது.

"பூனைக்குச் சுட்டுப்போட்டுது போலை" என்றேன்.

"வெயில் அக்கா. பின்னேர வெயில் தகரத்தைக் காய்ச்சுது."

மாமர நிழலில் நின்ற கொட்டிலுக்குள் வெயில் வருவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு ஒரு கொசுவைப் போல வந்து போய்விட்டது. சொன்னது தம்பி. தம்பி சொன்னபிறகு பூனையின் பேச்சை யார் கேட்பார்கள்?

அதற்குப் பிறகு கார் கொட்டிலில் நின்றது. தம்பி தன்னுடைய சிநேகிதர் ஒருவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். கார்களை இரும்பு விலைக்கு வாங்கி, சாமான்களைக் கழற்றி விற்கிறவராம். "அவன் எண்டபடியா எடுக்கிறன் எண்டுறான். வேறை ஆர் எடுப்பாங்கள் இந்தக் காரை? வெள்ளிக்கிழமை வாறன் எண்டவன். நீ காரின்ரை பதிவுப் புத்தகத்தை எடுத்து வை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"மகளுக்கெண்டு இருந்த சாமான் தம்பி."

"அவளுக்கு நான் இல்லையே?" என்றான்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. காரின் புத்தகத்தை எடுத்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

அந்தக் கிழமை மருதனார்மடம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனபோது கராச் அண்ணையைக் கண்டேன். சந்திக்குக் கிட்டக் கார் திருத்துகிற கராச் வைத்திருந்தவர், என் கணவரோடு நல்ல சிநேகிதம். கணவர் இருந்தபோது எங்கள் கார் அவரிடம்தான் போகும். தம்பியின் கைக்கு வந்தபிறகு அவன் வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அவரைக் கண்டதும் ஒரு கூச்சம், விலகிப் போகப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"என்ன தங்கச்சி, கார் றோட்டிலை காணேல்லை. ஏதும் சுகமில்லையோ?"

ஒரு ஆளைக் கேட்பதுபோலக் கேட்டார். மரக்கறிக் கூடைகளுக்கு நடுவில் நின்று, குனிந்தபடி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊசி ஏறேல்லை எண்டா என்ஜின் முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது?"

"தம்பி."

"காய்ச்சல் பாக்கிற குழாய் உடைஞ்சா ஆள் செத்துப்போனான் எண்டு பாடை கட்டுறதே? ஊசி பொய் சொல்லலாம், வயர் அறுந்திருக்கலாம். சூடு பாக்கிற முளை பழுதாப் போயிருக்கலாம். இல்லாட்டி உண்மையாவே குளிரா ஓடலாம், அதுக்கும் வைத்தியம் இருக்கு. நாலிலை எது எண்டு தெரியாமல் சவத்தை எடுக்கப்படாது. நான் வந்து பாக்கட்டே?"

எனக்கு அன்று யார் மேலும் சந்தேகம் வரவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். தம்பிக்குத் தெரியாத ஒன்று இவருக்குத் தெரிகிறது, கார் பிழைத்தால் தம்பிதான் முதலில் துள்ளுவான் என்று நினைத்தேன். புதன்கிழமை அவன் உடுப்பிட்டிக்குப் போக இருந்தான், ஒரு கல்யாணப் பேச்சு விசயமாக. அவன் திரும்பி வரும்போது கார் எழும்பி நிற்க வேண்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"புதன்கிழமை வாங்கோ அண்ணை" என்றேன். "தம்பிக்குச் சொல்லாதையுங்கோ."

அவர் சைக்கிளில் வந்தார். பின்னால் நட்டுக் கழற்றுகிற சாவிகள் கட்டிய சாக்கு, சேட்டுப் பையில் ஒரு சிறு போத்தல் பெற்றோல். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தங்கம்" என்று கண்ணடித்தார். சொட்டு விட்டு என்ஜினை எழுப்பினார். ஊசி 'சீ'யில் கிடந்தது.

அவர் மீற்றரைப் பார்க்கவே இல்லை. என்ஜினில் இருந்து றேடியேற்றருக்கு வருகிற மேல் றப்பர்க் குழாயில் கையை வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிற பரியாரியாரைப் போல வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

"தங்கச்சி, நீரும் தொட்டுப் பாரும்."

தொட்டேன். குழாய் குளிர்ந்துதான் இருந்தது.

"தம்பி சொன்னது சரிதானே அண்ணை" என்றேன்.

"பொறும். உள்ளுக்கு ஒரு கதவு இருக்கு. தண்ணி சூடேறினாத்தான் அது திறக்கும், அதுக்குப் பிறகுதான் இந்தக் குழாய்க்கு வரும். கையை எடாதையும்."

நின்றோம். பூனை வந்து தூரத்தில் இருந்து பார்த்தது. முன்னெச்சரிக்கையான பூனை. திடீரென்று குழாய்க்குள் ஏதோ ஓடிவந்ததுபோல இருந்தது. வெதுவெதுப்பாகத் தொடங்கி, கையை வைக்க முடியாத சூடாக மாறியது. நான் கையை உதறினேன்.

"செத்த உடம்பு சுடுமே?" என்று அண்ணை கேட்டார். "என்ஜின் நல்லாச் சூடேறுது. பொய் சொல்லுறது வேறை ஆரோ. ஏறி இரும் முன்னுக்கு."

"நானோ?"

"நான் இஞ்சை வயரைப் பிடிக்க வேணும். ஊசியை ஆர் பாக்கிறது, பூனையே?"

அப்படித்தான் நான் முதன்முதலாக என் காரின் டிரைவர் சீற்றில் ஏறினேன். கணவரும் தம்பியும் இருந்து இருந்து அந்தச் சீற்று பள்ளமாகியிருந்தது. பொனற்றுக்குப் பின்னால் இருந்து அவர் குரல் வந்தது.

"முளையிலை இருந்து வயரைக் கழட்டிப்போட்டன். இப்ப இந்த வயரின்ரை நுனியை என்ஜின் இரும்பிலை முட்டப்போறன். ஊசியைப் பாரும்."

ஊசி எழும்பியது. 'சீ'யை விட்டு, நடுவைத் தாண்டி, 'எச்' வரைக்கும் ஒரே போக்காய்ப் போனது.

"ஏறுது" என்றேன்.

"என்ன?"

"ஏறுது அண்ணை."

"ஒண்டும் கேக்கேல்லை!"

"ஏறுது அண்ணை! ஏறுது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் வெட்கத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன். அண்ணை சிரித்துக்கொண்டு வயரை எடுத்தார். "கனநேரம் முட்டி வைச்சா மீற்றர் எரிஞ்சு போகும். இவ்வளவு காணும். மீற்றரும் நல்லது, வயரும் நல்லது. அப்ப முளைதான் கள்ளன்."

முளை என்பது ஒரு சின்னப் பித்தளைச் சாமான். இப்போதைய பிள்ளைகள் சென்சர் என்பார்கள். என்ஜினில் புரி போட்டு இறுக்கியிருக்கும். நுனி உள்ளே தண்ணீருக்குள் நின்று சூட்டைப் பார்க்கும், தலையில் இருக்கிற வயர் அதை மீற்றருக்குச் சொல்லும். என்ஜினை ஆறவிட்டு, அண்ணை அதை நட்டுச் சாவியால் திருப்பினார். "என்ன, உது வழுக்குது" என்றார். முளை கையோடு வந்தது. அதன் புரியில் ஏதோ சுற்றியிருந்தது. அவர் அதை நகத்தால் மெல்லப் பிரித்தார். பிரித்ததை ஒரு பக்கம் வைத்தார். துணி ஒன்றை எடுத்து முளையை நன்றாகத் துடைத்தார்.

"அடுப்பு எரியுதோ?"

"ஓம்."

"கேத்திலிலை தண்ணி கொதிக்க வைச்சுக் கொண்டு வாரும். ஆளைக் குற்றம் சொல்ல முன்னம் முளையைக் கேப்பம்."

கேத்திலோடு வந்தேன். முளையின் தலையில் காரின் வயரைக் கொழுவினார். முளையின் உடம்பில் இன்னொரு கம்பியைச் சுற்றி, அதன் மறு நுனியை என்ஜின் இரும்பில் கட்டினார். பிறகு முளையின் நுனியைக் கொதிதண்ணீருக்குள் விட்டார். அவர் சொல்லாமலே நான் முன் சீற்றில் ஏறிவிட்டேன். ஊசி மெல்ல எழும்பி, நடுவைத் தாண்டி நின்றது.

"முளையும் நல்லது" என்றேன்.

"ஓம்" என்றார் அவர். அந்த 'ஓம்' சந்தோசமாக இல்லை.

நான் இறங்கி வந்தேன். அவர் உள்ளங்கையில், முளையின் புரியில் சுற்றியிருந்த துண்டை வைத்திருந்தார்.

"முளையின்ரை உடம்பு என்ஜின் இரும்பிலை முட்டிக்கொண்டிருக்க வேணும் தங்கச்சி. அப்பதான் கறன்ற் சுத்தி வரும். இதைப் புரியிலை சுத்தி அரைகுறையாப் பூட்டினா முளை இரும்பிலை படாது. தண்ணியும் ஒழுகாது, ஊசியும் ஏறாது. பார்வைக்கு எல்லாம் சரி."

"ஒழுக்குக்குச் சுத்தினதா இருக்கும்."

"ஒழுக்குக்கு இப்பிடித் தடிப்பாய் றப்பர் சுத்தமாட்டாங்கள். வேலை தெரிஞ்ச கை சுத்தினது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆர் எண்டு நான் கேக்கேல்லை" என்றார்.

கேட்கத் தேவையில்லை. அந்தத் துண்டின் ஒரு பக்கம் கறுப்பு றப்பர். மற்றப் பக்கம், எண்ணெய் ஊறியும் அழியாமல், மஞ்சளும் மண்ணிறமும் கலந்த கட்டம்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். மழைக்கோட்டின் கீழ்க்கரையில், உள்பக்கமாக, ஒரு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தது. கத்தரிக்கோலால் நேராக, அவசரமில்லாமல் வெட்டியிருந்தது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் பழந்துணி இல்லையா? கராச்சுகளில் றப்பர் இல்லையா? கைக்கு எட்டியது இதுதானா? கார் விசயம் எனக்குப் பிறகுதான் வலித்தது. அந்த நேரம் வலித்தது இதுதான்.

வெளியே வந்தபோது அண்ணை முளையை வெறுமனே பூட்டி, வயரைக் கொழுவி முடித்திருந்தார். நான் சாப்பிடச் சொன்னேன். அவர் மறுத்தார். சைக்கிளில் ஏறும்போது, "வெள்ளிக்கிழமை நான் கராச்சிலைதான் நிப்பன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

தம்பி அன்று பொழுதுபட வந்தான். நல்ல புளுகத்தில், முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். பெண் வீட்டில் பலகாரம் நல்லதாம், பெண்ணுக்கு நீளத் தலைமயிராம். நான் சோறு போட்டேன். மகளுக்கு அவன் கொண்டுவந்த இனிப்பைப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லிவிடுவான், நான் அதையும் நம்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், "ஆள் பின்னேரம் வருவான் அக்கா" என்றான்.

"அதுக்கு முதல் என்னை ஒருக்கா ஆஞ்சநேயர் கோயிலடிக்குக் கொண்டுபோய் விடு, காரிலை."

"இது ஓடாதெண்டு சொன்னனான் எல்லே."

"கடைசியா ஒருக்கா ஏறிப் போக விருப்பமாக் கிடக்கு. நிண்டா நடந்து வாறன்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பாவம் என்று நினைத்திருப்பான். "சரி, ஏறு" என்றான்.

வழக்கம்போலப் பின் சீற்றில், இடது கரையில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவனுடைய தோளுக்கு அருகால் மீற்றர் தெரியும். பெற்றோல் சொட்டில் கார் எழும்பியது. கேற்றைத் தாண்டினோம். வீட்டுச் சின்ன ஒழுங்கை முடியும்போது ஊசி 'சீ'யை விட்டு விலகியது. அவன் கவனிக்கவில்லை. ஏறாது என்று தெரிந்த ஊசியை ஏன் பார்க்கப்போகிறான்? பெரிய றோட்டில் ஏறியபிறகு பழக்கதோசத்தில் ஒருமுறை கண்ணைப் போட்டான். அவன் கழுத்து விறைத்ததைக் கண்டேன். கை தானாகப் போய் மீற்றரின் கண்ணாடியில் தட்டியது. ஊசி விழவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறி, நடுவில் வந்து, ஒழுங்காக நின்றது.

"இனி மண்ணெண்ணெய்க்கு மாத்தலாம்தானே தம்பி?" என்றேன்.

அவன் மாற்றவில்லை. மருதனார்மடச் சந்தியில், சந்தைக்கு முன்னால், காரைக் கரைக்கு எடுத்து நிற்பாட்டினான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"ஆர் பாத்தது?"

"அத்தானின்ரை மழைக்கோட்டிலைதானோ வெட்ட வேணும்?"

அவன் பேசத் தொடங்கினான். பேசப் பேசக் குரல் உயர்ந்தது.

"உடுப்பிட்டியிலை என்ன கேட்டவை தெரியுமோ? மாப்பிள்ளை அக்காவின்ரை டிரைவரோ எண்டு கேட்டவை. இந்தச் சந்தியிலையும் எனக்கு அதுதான் பேர். அக்காவின்ரை டிரைவர்! என்ரை பேரிலை ஒரு கார் எண்டாத்தான் பொம்பிளை தருவினமாம்."

"அப்ப அந்த இரும்பு வாங்கிறவர்?"

"வாங்கி என்ரை பேருக்கு மாத்தித் தருவான்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டாத் தந்திருப்பியோ? மகளுக்கு, மகளுக்கு எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறாய். இது எந்தக் காணி வித்த கார்? அந்தத் தோட்டம் இருந்திருந்தா எனக்கு வந்திருக்கும். அப்பா என்ரை காணியை வித்துத்தான் உனக்குக் கார் வாங்கினவர். என்னை ஆரும் கேட்டவையே?"

அப்போது அவன் அரைக்காற்சட்டை போட்ட பிள்ளை. யார் கேட்பார்கள்? கேட்டிருந்தால் தந்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவனுடைய கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவன் என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்திருக்கலாம். பூனைக்குச் சுட்டதை வெயில் என்று சொல்லியிருக்கத் தேவையில்லை. "அவளுக்கு நான் இல்லையே?" என்று சொல்லியிருக்கவே கூடாது.

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. எனக்கு வந்தது ஒரு வசனம்தான்.

"உன்னை நான் டிரைவர் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். சாவியைக் காரிலேயே விட்டான். மானிப்பாய்ப் பக்கமாக நடந்தான். திரும்புவான் என்று அவனுடைய சேட்டு கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் கணவருடைய சேட்டு.

சந்தி நிறையச் சனம். நடுவில் என் கார், பின் சீற்றில் நான், முன் சீற்றில் யாருமில்லை. மரக்கறி விற்கிற ஒரு மனிசி கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

"என்ன பிள்ளை, ஆள் இல்லாமல் ஓடுற காரோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறொரு நாளென்றால் நான் சீற்றுக்குக் கீழே போயிருப்பேன். அன்று கதவைத் திறந்து இறங்கினேன். முன்பக்கம் போய், கையை விட்டுச் சாவியை எடுத்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அத்தனை பேரும் பார்க்கக் கராச்சுக்கு நடந்தேன். கராச் அண்ணை கையைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார். சாவியை வாங்கி வந்து காரை எடுத்து, என்னை வீட்டில் விட்டார். கோயிலுக்கு நான் போகவில்லை.

பின்னேரம் வாங்குகிறவர் வந்தார். வாசலில் நின்றபடியே, "விக்கேல்லை" என்றேன். "தம்பி சொன்னவர்..." என்று இழுத்தார். "கார் தம்பியின்ரை இல்லை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி வீட்டுக்கு வரவில்லை. தன்னுடைய உடுப்புகளை எடுக்க ஆளை அனுப்பினான். உடுப்பிட்டியில் கல்யாணம் நடந்தது. கார் இல்லாமலே பெண் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணத்தன்று காலையில் நான் காரைக் கழுவி, பொனற்றில் சந்தனம் வைத்து, மகளுக்குப் பட்டுச் சட்டை போட்டு வைத்திருந்தேன். மாப்பிள்ளையை ஏற்ற எங்களைக் கேட்டு ஆள் வருமென்று எனக்கு ஒரு எண்ணம். வெயில் ஏறியதும் மகள், "அம்மா, மாமா வரமாட்டாரே?" என்று கேட்டாள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

கார் மிஞ்சியது. மகளுக்கென்று மிஞ்சியது. கராச் அண்ணை ஒரு டிரைவரைப் பிடித்துத் தந்தார். வயதான மனிசன், வாய் நிறைய வெற்றிலை, சொல்லுக்குச் சொல் அம்மா. ஒரு சதத்துக்கும் பொய் சொல்லாதவர் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னது சரி. ஆனால் நான் எங்கே போனாலும் இப்போது பின் சீற்றில் இருப்பதில்லை. முன் சீற்றில், அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். றோட்டில் யார் போகிறார்கள், யார் என்னைப் பார்க்கிறார்கள் என்பது தெரியாது. என் கண் மீற்றரில் இருக்கும்.

ஒருநாள் கடற்கரைப் பக்கமாக ஒரு செத்தவீட்டுக்குப் போனோம். கடற்காற்று வீசியது. அவர் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அம்மா, ஊசி நடுவிலை வடிவா நிக்குது. கடலைப் பாருங்கோவன்."

"நீங்கள் ஓட்டுங்கோ" என்றேன். "நான் இதைப் பாக்கிறன்."